பக்தியும் மன அமைதியும்

மனிதன் தன் வாழ்நாளில் தேடி அலையும் பொருள்கள் பல. பொன்னைத் தேடுகிறான், பதவியைத் தேடுகிறான், பெற்ற மக்களுக்கு நல்ல கல்வியையும் நல்ல மணவாழ்வையும் தேடுகிறான். இவை யாவும் கைகூடிய பின்னரும், நள்ளிரவில் உறக்கம் வராமல் புரண்டு படுப்போர் பலரை நாம் அறிவோம். ஊரார் பார்வையில் எல்லாம் உடையவராகத் தோன்றும் அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதுவே மன அமைதி. அது கடையில் விற்கப்படுவதன்று; சம்பளக் குழுவின் பரிந்துரையால் கிடைப்பதுமன்று. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

இறைவனிடம் பக்தி செலுத்தினால் மன அமைதி உண்டாகும் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். பாட்டியார் சொன்னார், தாயார் சொன்னார், கதாகாலட்சேபம் செய்தவரும் சொன்னார். நாமும் கேட்டோம்; தலையசைத்தோம். ஆயினும் அது எவ்வாறு உண்டாகும், யாருக்கு உண்டாகும், எப்போது உண்டாகாது என்னும் வினாக்களை நம்மில் பெரும்பாலோர் எழுப்பிப் பார்த்ததில்லை. வாழ்க்கை நம்மை ஒரு மூலையில் நிறுத்திக் கேட்கும்போதுதான் அவ்வினாக்கள் எழுகின்றன. அவ்வாறு எழுந்த சிலவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பர் எழுப்பிய வினா

நம் நண்பர் ஒருவர் இருக்கிறார். காவிரிக் கரையிலிருந்து நம்மைப் போலவே பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதித் தலைநகருக்கு வந்து சேர்ந்தவர். பகுத்தறிவு நெறியில் ஊன்றி நிற்பவர். கோயிலுக்குள் வரமாட்டார், ஆனால் நம்மை அழைத்துச் சென்று வாயிலில் விட்டுவிட்டு, நாம் திரும்பும் வரையில் வெளியே நின்று பொறுமையாகக் காத்திருப்பார். அத்தகைய பண்பாளர்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "கோயிலிலிருந்து நீங்கள் இறங்கி வரும்போது உங்கள் முகத்தில் ஓர் அமைதி தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் உறக்க மாத்திரை போட்டுக்கொண்டவன் முகத்திலும் அமைதி தெரிகிறதே! உங்கள் அமைதியினால் உங்களைத் தவிர வேறு யாருக்கு என்ன நன்மை?"

அன்று அவருக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. சிரித்து மழுப்பினோம். ஆனால் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. கேலி செய்வதற்காகக் கேட்கப்பட்ட வினாவாக இருந்திருந்தால் மறந்திருப்போம். நம்மிடம் அன்புடையவர் கேட்ட வினா ஆகையால் அது உள்ளேயே தங்கிவிட்டது.

வடக்கே எழுந்த சுவாமிமலை

டில்லி வாழ் தமிழர்க்கு மலை மந்திரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'மலை' என்னும் தமிழ்ச் சொல்லும் 'மந்திர்' என்னும் இந்திச் சொல்லும் கைகோத்து நிற்கும் அப்பெயரை ஆட்டோ ஓட்டுநர் முதல் அயல்மொழி அன்பர்கள் வரையில் எல்லோரும் அறிவர். இராமகிருஷ்ணபுரத்துச் சிறு குன்றின்மேல் உத்தர சுவாமிமலை என்னும் பெயரோடு விளங்கும் அக்கோயிலுக்கு 1965இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறியது. கருங்கல்லால் சோழர் பாணியில் அமைந்த அச்சந்நிதியில், தந்தைக்கே பிரணவப் பொருளை உபதேசித்த சுவாமிநாதன் எழுந்தருளியிருக்கிறான். பின்னர் மீனாட்சி, சுந்தரேசுவரர் சந்நிதிகளும் அக்குன்றில் எழுந்தன.

அக்கோயில் எழும்புவதற்கு முன்னரே தமிழர்கள் இந்நகருக்கு வந்திருந்தனர். 1911இல் தலைநகரம் டில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. 1931இல் புதுடில்லி முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நாளில் கோடைதோறும் அரசாங்கம் சிம்லாவுக்கு இடம்பெயரும். கோப்புப் பெட்டிகளோடு எழுத்தர்களும் சுருக்கெழுத்தர்களும் மலையேறுவர். குளிர் தொடங்கியதும் இறங்குவர். அப்படி வந்தவர்களின் தகரப் பெட்டியில் வேட்டியும் சான்றிதழும் இருந்ததைப் போலவே, துணியில் சுற்றிய ஒரு சாமி படமும் இருந்தது. குடியிருப்பில் எட்டடிச் சமையலறையின் ஒரு மூலையே அவர்களின் கருவறையாயிற்று. அந்த மூலைகள் யாவும் ஒன்றுகூடித்தான் ஒரு நாள் குன்றின்மேல் கோபுரமாயின எனலாம்.

இன்றும் கிருத்திகை நாளன்று அக்குன்றின் அடியில் நின்று பார்த்தால், ஏறுவோர் ஒவ்வொருவரும் ஒரு சுமையோடு ஏறுவதைக் காண முடியும். மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். மாற்றல் உத்தரவு இரத்தாக வேண்டும். ஊரில் படுத்திருக்கும் தந்தையார் எழுந்து உட்கார வேண்டும். இவற்றை வேண்டுவதில் தவறு ஏதும் இல்லை. பிள்ளை தாயிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டது கிடைப்பதனால் வரும் மகிழ்ச்சி வேறு. மன அமைதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணியிருந்த நமக்கு, அவை வேறு வேறு என்பதை உணர்த்தியது நம் கையாலேயே நிகழ்ந்த ஒரு பிழை. அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

நம் மேசைமேல் இருந்த கோப்பு

பல ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், பணிக்காலத்திலேயே இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நம்மிடம் வந்தது. அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலத்துக்குச் சரிபார்ப்புக் கையொப்பம் இல்லை. 'குறையை நிறைவு செய்து அனுப்புக' என்று குறிப்பெழுதி, அவர் பணியாற்றிய கிளை அலுவலகத்துக்கே கோப்பைத் திருப்பினோம். பழைய தாள்கள் கிடைக்கவில்லை என்ற பதிலோடு கோப்பு திரும்பி வந்தது. நாம் மீண்டும் திருப்பினோம். மூன்றாம் முறையும் அவ்வாறே. ஒன்பது மாதங்கள் கழிந்தன.

நாம் விதியை மீறினோமா? இல்லை. விதியின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடுத்த வரியைப் படிக்காமல் விட்டோம். சரிபார்ப்பு நிறைவேறும் வரையில் தற்காலிகமாகக் குடும்ப ஓய்வூதியம் வழங்கலாம் என்பதும், பணிப்பதிவேட்டில் உள்ள இடைவெளியைப் பழைய சம்பளப் பட்டியல்கள் போன்ற பிற ஆவணங்களைக் கொண்டு நிரப்பலாம் என்பதும் அதே விதிப்புத்தகத்தில்தான் இருந்தன. தேடிப் பார்க்க நமக்கு மனமில்லை. ஆட்சேபம் எழுதுவது எளிது. அதில் எழுதுகிறவனுக்கு ஆபத்தும் இல்லை.

அந்த ஊழியரின் மனைவி உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தார். உடன் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன். வரவேற்பறையில் அனுமதிச் சீட்டு வாங்கி, நாலைந்து அறைகளில் விசாரித்து, நம் மேசைமுன் வந்து நிற்கையில் மணி நாலரை. அன்று கிருத்திகை. மாலை அபிடேகத்துக்குள் குன்றை அடைய வேண்டும் என்ற அவசரம் நமக்கு. கோப்பு இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வந்து பாருங்கள் என்று இந்தியில் சொன்னோம். உண்மையில் கோப்பு நம் அலமாரியிலேயே இருந்தது. அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. 'பாபுஜி' என்று கைகூப்பிவிட்டுச் சிறுவனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாமும் பேருந்தைப் பிடித்தோம், குன்றேறினோம், அபிடேகம் கண்டோம். கற்பூர ஒளியில் சுவாமியின் திருமுகம் தெரிந்தது. கண்களை மூடிக் கைகூப்பினோம். அப்போது நம் கைகள் நினைவுக்கு வரவில்லை. நம் மேசைமுன் கூப்பிய அந்த இரண்டு கைகளே நினைவுக்கு வந்தன.

அன்று தொடங்கிய அமைதியின்மை பல வாரங்கள் நீடித்தது. அதைப் போக்க நாம் செய்தது யாது? பக்தியைக் கூட்டினோம். சஷ்டிதோறும் உபவாசம் இருந்தோம். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டோம். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே சென்றோம். வீட்டுக்குள் ஏதோ ஒன்று கெட்டு நாற்றம் எடுக்கையில், அதை எடுத்து எறியாமல் ஊதுவத்திக்கு மேல் ஊதுவத்தி ஏற்றிய கதையாக அது முடிந்தது. நண்பர் கூறிய உறக்க மாத்திரையாகக்கூட நம் பக்தி அப்போது பயன்படவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயம்

அந்நாள்களில் ஓர் இரவு கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அது பக்தியோகம் எனப் பெயர் பெற்ற பகுதி. தனக்கு இனியவனான பக்தன் எப்படிப்பட்டவன் என்று கண்ணன் அருச்சுனனுக்கு அடையாளம் சொல்லும் இடம் அது. எத்தனை முறை வலம் வந்தான், எத்தனை குடம் பால் கொடுத்தான் என்னும் கணக்கு அங்கே இல்லை. எவ்வுயிரையும் வெறுக்காமை, நட்பு, கருணை என்றே அப்பட்டியல் தொடங்குகிறது. மேலும் சற்றுச் சென்றதும், உலகத்தாருக்குத் தன்னால் கலக்கம் உண்டாகாதவன், உலகத்தாரால் தானும் கலக்கம் அடையாதவன் என்னும் கருத்து வருகிறது.

அதுவரையில் இரண்டாம் பகுதியை மட்டுமே நாம் மனத்தில் வாங்கியிருந்தோம். உலகத்தால் நாம் கலங்காதிருக்க வேண்டும். அதற்காகவே கோயில், அதற்காகவே குளம். ஆனால் அங்கே முதலில் நிற்பது அது அன்று. நம்மால் பிறர் கலங்காதிருத்தலே முதலில் நிற்கிறது. அம்முறைவைப்பு தற்செயலானதாக நமக்குத் தோன்றவில்லை. பிறருடைய அமைதியைக் குலைத்தவன் தன் அமைதியை எந்தச் சந்நிதியில் போய்க் கேட்பான்? கேட்டாலும் அது எப்படிக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் சென்றோம். பிழை நம்முடையது என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்தார். பிறகு குறிப்பெழுதிக் கொண்டு வாருங்கள் என்றார். மூன்று வாரங்களில் தற்காலிக ஓய்வூதியத்துக்கு உத்தரவாயிற்று. ஆவண அறையில் இரண்டு பிற்பகல்களைச் செலவிட்டுப் பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்தோம். ஒன்பது மாதங்கள் தடைப்பட்டிருந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்ட உழைப்பு அவ்வளவே.

அன்றிரவு நன்கு உறங்கினோம். அதன்பின் ஒன்று புலனாயிற்று. பக்தி நமக்கு முதலில் தந்தது அமைதியன்று, அமைதியின்மையே. கற்பூர ஒளியின் முன் நிற்காதிருந்தால் அந்தக் கூப்பிய கைகளை நாம் மறந்தே போயிருப்போம். கடவுளை நினைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு மனச்சான்று இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நம் நண்பருக்கு அது நம்மைவிட மிகுதியாகவே உண்டு. ஆனால் நம்மைப் பொறுத்தவரையில் அந்தச் சந்நிதிதான் கண்ணாடியாக நின்று நம் முகத்தின் கறையைக் காட்டியது. கறையைத் துடைக்க வேண்டியது நம் கைதான்.

அரசுப் பணியும் அடியார்களும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். அரசுப் பணியைவிட ஆண்டவன் பணியே பெரிதென்று வாழ்ந்தவர்களை நாம் போற்றவில்லையா? பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர், குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசுப் பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்கே செலவிட்டார் என்பது வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசின்கீழ் வரி தண்டும் அதிகாரியாக இருந்த கோபண்ணா, அப்பணத்தில் பத்ராசலத்து இராமனுக்குக் கோயில் எடுத்துப் பத்ராசல இராமதாசர் ஆனார். இவர்கள் செய்தது சரியென்றால், ஒரு கிருத்திகைக்காக ஒரு கோப்பைத் தள்ளிவைத்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

அரசு எழுத்தனாகிய நாம் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. மாணிக்கவாசகர் வைகை மணலில் கொடும் வெயிலில் நிறுத்தப்பட்டார். இராமதாசர் தானாஷாவின் சிறையில் பல ஆண்டுகள் கிடந்து வருந்தினார். தம் பக்திக்குரிய விலையை அவர்கள் தாமே கொடுத்தார்கள். நாமோ நம் பக்திக்குரிய விலையை, கணவனை இழந்த ஒரு தாயைக் கொடுக்கச் செய்தோம். அடியார்களின் பெயரைச் சொல்லி நாம் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

பெரிய புராணத்தில் வரும் பூசலார் நாயனாரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அப்புராணத்தை அருளிய சேக்கிழாரும் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர் என்பது நம் போன்றோர்க்குச் சற்று ஆறுதலான செய்தி. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலாருக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் பொருளில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் குறித்து, அடித்தளம் முதல் சிகரம் வரையில் ஒவ்வொன்றாக எழுப்பினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெருங்கற்றளி ஒன்றை முடித்துக் குடமுழுக்குக்கு நாள் வைத்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அந்த நாள் பூசலாருக்கு உரியது, உன் நாளை மாற்றிக்கொள் என்றான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று கேட்டான். ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை!

இக்கதையைக் கேட்டுவிட்டுக் கோயில் கட்டுவது வீண் என்று முடிவு செய்வோர் உண்டு. அது இக்கதையின் கருத்தன்று. மன்னனின் கோயிலையும் இறைவன் மறுக்கவில்லை. நாளைத்தான் மாற்றச் சொன்னான். யாரும் காணாத இடத்தில் மனிதன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதே இறைவன் முதலில் காண்பது என்பதே இதன் கருத்து. பூசலாரின் திருப்பணியை எவரும் காணவில்லை. அலுவலக அலமாரிக்குள் இருந்த கோப்பையும் எவரும் காணவில்லை. காண்பவன் ஒருவனே.

கைவிட்டுப் போனவை

இத்துடன் கதை முடிந்திருந்தால் இது ஒரு நீதிக்கதையாக நின்றிருக்கும். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. சில மாதங்களுக்குப் பின் அந்த அம்மையார் கையொப்பமிட வந்தபோது சிறுவனைக் காணோம். விசாரித்தோம். அந்த ஆண்டு பள்ளியை விட்டுவிட்டானாம். ஊரில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாகச் சொன்னார். மீண்டும் பள்ளிக்கு அனுப்புமாறு சொன்னோம். பார்க்கலாம் என்றார். நிலுவைத் தொகையை அரசு கொடுத்தது. ஒன்பது மாதங்களை யார் கொடுப்பது?

அடுத்த ஆண்டு இன்னொன்று நிகழ்ந்தது. நம் ஊர் சுவாமிமலைக்கு அருகில் உள்ளது. அறுபது ஆண்டுகளின் பெயர்கள் கொண்ட அக்கோயிலின் அறுபது படிகளையும், நம்மை இடுப்பில் சுமந்துகொண்டு ஏறியவர் நம் தாயார். அவர் நோயுற்றிருக்கிறார் என்று தெரிந்தும், மார்ச்சு மாதக் கணக்கு முடியட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளிவைத்தோம். ஓர் இரவு தொலைபேசி ஒலித்தது. கிடைத்த விமானத்தைப் பிடித்துச் சென்னையில் இறங்கி, வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பிதான் கொள்ளி வைத்திருந்தார். மறுநாள் சாம்பலைத்தான் நாம் தொட்டோம்.

இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களில் எத்தனை பேருக்கு இது நேர்ந்திருக்கும்! பிழைப்புக்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவர்கள் கட்டும் வரி இது. இங்கே திறக்க ஒரு கோப்பு இல்லை. சொல்லிச் சரிசெய்ய ஒரு மேலதிகாரி இல்லை. சரிசெய்யக் கூடியதைச் சரிசெய் என்று கீதை கற்பித்த பாடம் இங்கே பயன்படவில்லை. சரிசெய்யவே முடியாததை வைத்துக்கொண்டு மனிதன் எப்படி வாழ்வது?

டில்லி திரும்பியபின் பல நாள்கள் குன்றுக்குச் செல்லாதிருந்தோம். கோபம்தான் காரணம், அது யார்மேல் என்பதும் தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டு அம்மாள் வற்புறுத்தி அழைத்ததால், ஓர் அன்பர் இல்லத்தில் நடந்த திருப்புகழ் வழிபாட்டுக்குச் சென்றோம். ஏ.எஸ். ராகவன் அவர்களைக் குருவாகக் கொண்டு இந்நகரில் தழைத்த திருப்புகழ் அன்பர்கள் குழுவை வாசகர்கள் அறிவர். அவ்வழியில் பாடுவோர் முப்பது பேர் தரையில் அமர்ந்து, சேர்ந்திசையாகப் பாடிக்கொண்டிருந்தனர். சுவாமிமலைப் பாடல் ஒன்று வந்தது. நமக்குத் தொண்டை அடைத்தது. பாட முடியவில்லை, அழுதோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; யாரும் ஆறுதல் கூறவில்லை. நாம் விட்ட அடியையும் சேர்த்து அவர்கள் பாடிக்கொண்டே இருந்தனர்.

பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரைப் பற்றி வழங்கிவரும் கதையை அன்றுதான் நாம் உண்மையில் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். இளமையையும் பொருளையும் பாழாக்கிக்கொண்டவர், அந்த வருத்தம் தாளாமல் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தார் என்றும், முருகன் தன் கைகளில் தாங்கிக்கொண்டான் என்றும் கதை கூறுகிறது. முருகன் அவருடைய பழைய நாள்களைத் திருப்பிக் கொடுத்ததாகக் கதை சொல்லவில்லை. பாழான இளமை பாழானதுதான். இனி வரும் நாள்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்தான்; பாடு என்றான். அவர் பாடியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவை மட்டுமே 1,300க்கும் மேற்பட்டவை.

அவையும் தாமாக நம் கைக்கு வந்துவிடவில்லை. மாவட்ட முனிசீப்பாகப் பணியாற்றிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக ஏடுகளைத் தேடித் திரட்டி, 1894இல் திருப்புகழின் முதல் தொகுதியை அச்சேற்றினார். அவரும் அரசு ஊழியரே. வழக்குகளின் இடையே அவர் தேடிச் சேர்த்த ஏடுகள்தாம், அவர் கண்டிராத ஒரு நகரத்துக் குடியிருப்பில், தாயை இழந்த ஒருவனுக்கு அன்று அழுவதற்கு இடம் கொடுத்தன.

கையில் உள்ளதும் கையில் இல்லாததும்

இவ்விரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், பக்தியினால் வரும் அமைதியைப் பற்றி நாம் அறிந்துகொண்டது இதுவே. வாழ்க்கையில் நம் கையில் உள்ளவை சில. கையை விட்டுப் போனவை சில. கையில் உள்ளதை ஆண்டவன் தலைமேல் போடுவது பக்தியன்று. அது சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயர். அவ்வாறு போட்டால் அமைதி வராது, வரவும் கூடாது. கையை விட்டுப் போனதை நாமே சுமந்து திரிவதும் பக்தியன்று. அது ஒரு வகை அகங்காரம். எல்லாம் நம்மால்தான் நடந்தது, நம்மால்தான் கெட்டது என்னும் எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. அச்சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். குன்றின்மேல் உள்ள சந்நிதி நமக்கு அந்த இடம்.

எது கையில் உள்ளது, எது கையில் இல்லை என்று பிரித்தறிவதுதான் கடினம். நாம் சோம்பலில் இருக்கும்போது எல்லாம் விதி என்று தோன்றும். செருக்கில் இருக்கும்போது எல்லாம் நம் திறமை என்று தோன்றும். நாள்தோறும் சிறிது நேரம் இறைவன்முன் அமர்வது அந்தப் பகுத்தறிவைப் பெறுவதற்கே. ஆம், அதுவும் பகுத்தறிவுதான்! நம் நண்பர் இச்சொல்லை விட்டுக்கொடுப்பாரா என்பது ஐயமே.

நெடுநாள் கழித்து அவருக்கு விடை சொன்னோம். "உறக்க மாத்திரை போட்டுக்கொண்டவன் மறுநாள் காலையில் கோப்பைத் திறக்கமாட்டான். கோயிலுக்குப் போய் வந்தவன் திறந்தான் என்றால் அது மாத்திரையன்று. திறக்கவில்லை என்றால் நீங்கள் சொல்வதே சரி" என்றோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் பக்தியைக் கோயிலில் பார்க்கக் கூடாது, அலுவலகத்தில்தான் பார்க்க வேண்டும்" என்றார். நாமும் அதை ஒப்புக்கொண்டோம்.

அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்த இளைஞனாக இருப்பான். மீண்டும் பள்ளிக்குச் சென்றானா என்பது நமக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லிச் சுவாமிநாதனிடம் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறோம். அந்த வேண்டுதலால் நம் பிழை நீங்கிவிட்டதாக நாம் எண்ணவில்லை. நம் மேசைமுன் இன்று வந்து நிற்பவரை உட்காரச் சொல்லும் நினைவு, அந்த வேண்டுதலால் அறாமல் இருக்கிறது.

மணி நாலரை ஆனாலும், அன்று கிருத்திகையே ஆனாலும், வந்தவரின் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நாம் எழுகிறோம். சில நாள்களில் அபிடேகம் முடிந்துவிடுகிறது. நடை சாத்தும் நேரத்தில்தான் குன்றின் உச்சியை அடைகிறோம். சாத்திய கதவின்முன் நின்று கைகூப்பிவிட்டு இறங்குகிறோம். அந்நாள்களிலும் மனம் அமைதியாகவே இருக்கிறது.